லுவார் பயணத்தில் தினமும் பஞ்சர்: காரணம் டயரில் இல்லை

பிரான்ஸில் லுவார் ஆற்றையொட்டி, அம்புவாஸிலிருந்து ப்ளுவா வழியாக ஷம்போர் காட்டுக்கு வாடகை சைக்கிளில் போனேன். மூன்று நாளும் காலையில் பின்சக்கரம் தரையோடு உட்கார்ந்திருந்தது. இரவில்தான் காற்று மெல்ல இறங்கும்.

முதல் நாள் ஒட்டுப் போட்டேன். இரண்டாம் நாள் புது ட்யூப். முள்ளோ கண்ணாடியோ இருக்குமென்று டயரின் உட்புறத்தை விரலால் இருமுறை தடவினேன், ஒன்றுமில்லை. வால்வு மேல் சந்தேகம் வந்தது. எச்சில் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. பிரான்சுவா மன்னர் 1519-இல் கட்டத் தொடங்கிய ஷம்போர் கோட்டையின் வாசலில் நின்று காற்றடித்துக்கொண்டிருந்தேன். காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில் வேறு. பாதி தூரத்தில் காற்று இறங்கினால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

அப்புறம் ப்ராஸியே ஊரின் பழைய மரச்சந்தைக் கூரையடியில் இரண்டு ட்யூப்களையும் அருகருகே வைத்தேன். இரண்டிலும் ஓட்டை வால்விலிருந்து ஒரே தூரத்தில், அதுவும் தரைப் பக்கம் இல்லை, ரிம் பக்கம்! ரிம்முக்குள் ஓடும் நாடா அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கியிருந்தது. போக்ஸ் கம்பித் துளையின் விளிம்பு ட்யூபை அறுத்திருக்கிறது.

நாடாவை நடுவுக்கு இழுத்து, மேலே மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி, வால்வுத் துளையை மட்டும் கத்தியால் திறந்துவிட்டேன். செவெர்னி போய்த் திரும்பும் வரை பம்பை எடுக்கவே இல்லை.

ட்யூபைக் கழற்றும்போது வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்; ட்யூபின் ஓட்டை சக்கரத்தில் எந்த இடத்துக்கு நேரே என்று தெரிந்துவிடும். முதல் நாளே நான் அதைச் செய்திருந்தால் ஒரு ட்யூப் மிச்சம்.