மூன்று கிழமையில் ஊருக்குப் போய்வருவது: இரவுகளை எண்ணித் திட்டமிடுங்கள்

கட்டுநாயக்கா, யாழ்ப்பாணம், நெடுந்தீவு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, நுவரெலியா, கண்டி, கொழும்பு. இத்தனையையும் பதினைந்து நாளுக்குள் எழுதி வைத்துக்கொண்டு விமானம் ஏறுபவர்கள் பலர். ஐந்தாம் நாளே பிள்ளைக்குக் காய்ச்சல், அப்பாவுக்குக் கால் வீக்கம், பார்க்க வேண்டிய பெரியம்மாவை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓட்டம் என்று ஆகிவிடும். இலங்கை சின்னத் தீவு என்பது வரைபடத்தில்தான். சமதரை வீதியில் வான் மணிக்குச் சராசரியாக 45 கிலோமீற்றர்தான் போகும், மலையில் 25 முதல் 30. அதோடு, உறவினர் வீடுகளுக்கு ஆகும் நேரத்தை யாரும் திட்டத்தில் எழுதுவதே இல்லை. பிறகு அவசரம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அதனால் பார்க்கும் இடங்களை முதலில் எழுத வேண்டாம். எங்கே எத்தனை இரவு படுப்பது என்பதை முதலில் எழுதுங்கள். 21 இரவுக்கு எங்கள் பரிந்துரை இது: நீர்கொழும்பில் 1, யாழ்ப்பாணத்தில் 9, திருகோணமலையில் 3, மட்டக்களப்பில் 3, நுவரெலியாவில் 3, கொழும்பில் 2. இரண்டு கிழமைதான் விடுமுறை என்றால் நாள்களை நெருக்காதீர்கள், இடங்களைக் குறையுங்கள். நீர்கொழும்பு 1, யாழ்ப்பாணம் 8, திருகோணமலை 3, கொழும்பு 2. மட்டக்களப்பும் மலையகமும் அடுத்த முறைக்கு இருக்கட்டும். முதல் இரவையும் கடைசி இரண்டு இரவுகளையும் விட்டால், எந்த ஊரிலும் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்க வேண்டாம். இரண்டு இரவு தங்கினால் கையில் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். அன்று மழை பெய்தால் அந்த ஊருக்குப் போனதே வீண்.

எந்த மாதம்

வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபரில் மழை தொடங்கும். நவம்பரும் டிசம்பரும் கடும் மழை மாதங்கள், வெள்ளமும் அப்போதுதான். நத்தார் விடுமுறையில் வருபவர்கள் திருகோணமலைக் கடற்கரையை நம்பித் திட்டம் போடக்கூடாது. நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். ஐரோப்பா, கனடாப் பள்ளி விடுமுறையான யூலை, ஓகஸ்ட் அதற்குள் வருவது நல்லது. ஆனால் அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். தீவுப் பக்கம் கடல் கொந்தளிக்கும், படகில் வயிற்றைப் பிரட்டும்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவும் அந்த மாதங்களில்தான். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டே விமானச் சீட்டு எடுங்கள். தேருக்கு நிற்க விரும்புவோர் சப்பறத்துக்கு முதல் நாளே யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டும். கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டிருக்கும், வாகனத்தைத் தூரத்தில் விட்டு நடக்க வேண்டும். விடுதி அறைகளும் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். ஆண்கள் மேற்சட்டையில்லாமல்தான் உள்ளே போகலாம். வெளிநாட்டில் வளர்ந்த பொடியன்களுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று வெட்கப்பட வேண்டியிராது.

முதல் 24 மணி நேரம்

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இங்கேதான் நடக்கிறது. விமானம் விடிய 4 மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்கும். ஊரிலிருந்து மச்சான் வான் பிடித்து அனுப்பியிருப்பார். கணக்கைப் பாருங்கள்: அந்தச் சாரதி முதல் நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு எட்டு மணி நேரம் ஓடி, விமான நிலையத்தில் மூன்று நான்கு மணி நேரம் காத்திருந்து, உங்களை ஏற்றிக்கொண்டு திரும்ப எட்டு மணி நேரம் ஓடுகிறார். 20 மணி நேரம் கண் மூடாத ஒருவரின் கையில் முழுக் குடும்பமும். சிலாபம் தாண்டி வெயில் ஏறியதும் வானுக்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், சாரதியோடு பேசக்கூட ஆள் இருக்காது. வவுனியாவுக்கு அப்பால் வீதி நேராக, ஒரே மாதிரி நீண்டுகிடக்கும். கண் அசருவது அங்கேதான். காலையிலேயே மாடுகள் வீதியில் படுத்திருக்கும்.

மாற்று எளிது. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீற்றர் அளவில் இருக்கும் நீர்கொழும்பில் ஒரு இரவுக்கு அறை எடுங்கள். விடிய இறங்குவதென்றால் முதல் நாள் இரவிலிருந்தே அறை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மத்தியானம் 2 மணிவரை வரவேற்பறைக் கதிரையில்தான் இருப்பீர்கள். சாரதிக்கும் ஒரு அறை எடுத்துக் கொடுங்கள். அடுத்த நாள் காலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா வழியாக மத்தியானம் கழிய யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். கொழும்புக்குள் போகத் தேவையே இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கி, கை கால் கழுவிவிட்டுப் போவது இந்த வீதியின் வழக்கம். முதியவர்கள் கால் நீட்டவும் அது சரியான இடம்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குச் சிறிய விமானங்கள் வருகின்றன. வீதிப் பயணம் மிச்சம். ஆனால் லண்டன்–சென்னை ஒரு சீட்டு, சென்னை–பலாலி வேறொரு சீட்டு என்று எடுத்தால் சென்னையில் குடிவரவைக் கடந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். பலர் அகப்படுவது இதில்தான். பெட்டி நிறை வரம்பும் சிறிய விமானத்தில் குறைவு, இரண்டாம் சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து நிறையுங்கள். இலங்கைக்கான இலத்திரனியல் பயண அனுமதியை அரச தளத்திலேயே எடுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கும் இடைத்தரகர் தளங்கள் பல உண்டு.

யாழ்ப்பாணத்து ஒன்பது இரவு

முதல் மூன்று நாளும் தூரப் பயணம் வேண்டாம். ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். பிள்ளைகள் இரவு 2 மணிக்கு எழும்பிப் பசிக்குது என்பார்கள், மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தூங்கி விழுவார்கள். பாணும் வாழைப்பழமும் இரவில் கைக்கெட்ட இருக்கட்டும். கொதித்தாறிய தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீர்தான், பல் தீட்டவும் அதுதான். நுளம்பு வலை இல்லாத அறையில் பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள்.

இந்த மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டியவை வேறு. சட்டை தைக்கக் கொடுப்பது, கஸ்தூரியார் வீதியில் நகைக்கு ஓடர் கொடுப்பது, பிறப்புச் சாட்சிப் பத்திரப் பிரதிக்குப் பிரதேச செயலகம் போவது, காணி உறுதி விடயமாக நொத்தாரிசைச் சந்திப்பது. இவை எல்லாமே ஒரு தடவையில் முடியாதவை. ஒரு கையெழுத்துக் குறையும், ஒரு உத்தியோகத்தர் லீவில் இருப்பார், பிளவுசின் கை இறுக்கமாக இருக்கும். கடைசிக் கிழமைக்குத் தள்ளியவர்கள் அந்த வேலையை முடிக்காமலே விமானம் ஏறுகிறார்கள். ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை, அரச அலுவலகம் பூட்டு. வரும் மாதத்துப் போயா எந்த நாள் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீடுகளுக்கு வருவோம். ஒரு வீட்டுக்கு அரை நாள். குறையாது. தேத்தண்ணி குடித்து, படங்கள் பார்த்து, பின் வளவில் மாமரம் பார்த்து, “சாப்பிடாமல் போனால் எனக்கு மனவருத்தம்” என்று சித்தி சொன்ன பிறகு யார் எழும்புவது? ஆகவே ஒரு நாளில் இரண்டு வீடு, ஒன்றில் மட்டுமே சாப்பாடு. போகும் வீடுகளின் பெயரை எழுதி, பகுதி வாரியாகப் பிரியுங்கள்: வலிகாமம் ஒரு நாள், வடமராட்சி ஒரு நாள், தென்மராட்சி ஒரு நாள். மூத்தவர் வீட்டுக்கு முதலில் போங்கள். எந்த வீட்டில் சாப்பிடுகிறோம் என்பதை முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் மற்ற வீட்டில் உலை வைத்துவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள். பட்டியல் பத்து வீட்டைத் தாண்டினால் ஒரு பின்னேரம் நீங்களே ஒரு மண்டபத்திலோ பெரிய வீட்டிலோ எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுங்கள். நோயில் கிடப்பவரையும் முதியவரையும் மட்டும் தனியே போய்ப் பாருங்கள். நேரம் மிச்சமாவதோடு, ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஒருவரையொருவர் காணவும் அது வழி.

வீடுகளோடு கோயில்களையும் கோத்துவிடலாம். வடமராட்சி நாளில் செல்வச்சந்நிதி, வல்லிபுரம். வலிகாமம் வடக்கில் மாவிட்டபுரம், கீரிமலை. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர், மாற்றுடை மறக்க வேண்டாம்.

தீவுகளுக்குத் தனி நாள் வேண்டும். நயினாதீவும் நெடுந்தீவும் ஒரே நாளில் என்று சிலர் எழுதுவார்கள். அது சரிவராது. இரண்டுக்கும் படகு குறிகட்டுவான் இறங்குதுறையில்தான், யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாக ஒரு மணி நேரம். நயினாதீவுக்கு 20 நிமிடம், அடிக்கடி படகு உண்டு. காலையில் போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு அன்னதானம் சாப்பிட்டு வந்துவிடலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடல், படகுகளும் சில மட்டுமே. காலைப் படகைத் தவற விட்டால் அன்று போவதில் பொருளில்லை, திரும்பும் படகைத் தவற விட்டால் அங்கேதான் இரவு. இறங்கியதும் ஓட்டோக்காரரிடம் திரும்பும் படகின் நேரத்தைச் சொல்லி, அதற்கு அரை மணி நேரம் முன்பு துறைக்கு வருமாறு பேசிக்கொள்ளுங்கள்.

முள்ளிவாய்க்காலுக்குப் போக விரும்புவோர் அதைத் திருகோணமலை போகிற வழியில் ஒரு நிறுத்தமாக வைக்காதீர்கள். பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். யாரையாவது அங்கே இழந்தவர் குடும்பத்தில் இருந்தால் அன்று வேறெதுவும் வேண்டாம். மறுநாளையும் வெறுமையாக விடுங்கள்.

கிழக்கும் மலையும்

முல்லைத்தீவிலிருந்து கடற்கரையோரமாக நேரே திருகோணமலைக்கு இறங்கிவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். கொக்கிளாய்க் களப்பு குறுக்கே கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து நல்ல வழி வவுனியா, ஹொரவப்பொத்தானை. சாப்பாட்டு நேரத்தோடு ஆறு மணி நேரம் வையுங்கள். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு மூன்றுக்கும் கொழும்பிலிருந்து ரயில் உண்டு, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ரயிலை நம்ப முடியாது. ஆகவே இந்தப் பகுதிக்கு வான்தான்.

வான் பேசும்போது வெறும் நாள் வாடகையைக் கேட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் அடக்கம், மேலதிகக் கிலோமீற்றருக்கு எவ்வளவு, எரிபொருள் யார் செலவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, கொழும்பில் நீங்கள் இறங்கிய பின் வெறும் வானாக யாழ்ப்பாணம் திரும்பும் தூரத்துக்குக் காசு உண்டா. இந்த ஐந்தையும் வாட்ஸப்பில் எழுத்தில் வாங்குங்கள். இரவு 7 மணிக்குப் பிறகு ஓட்டம் இல்லை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வன்னியிலும் கிழக்கிலும் இருட்டினால் யானை வீதிக்கு வரும்.

திருகோணமலையில் ஒரு காலை கோணேஸ்வரம், ஒரு காலை கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மற்ற நேரமெல்லாம் நிலாவெளி. மட்டக்களப்புக்கு கிண்ணியா, மூதூர், வாகரை வழியாக மூன்று மணி நேரம்தான். அங்கே மாமாங்கேஸ்வரர், பாசிக்குடா, பின்னேரம் களப்போரம் ஒரு நடை போதும். இந்த ஆறு இரவும் உடம்பு ஆறுவதற்கானவை, நிரப்ப வேண்டாம்.

மட்டக்களப்பிலிருந்து பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. விடிய வெளிக்கிடுங்கள். மலை வளைவில் பின்னேரம் மூடுபனி இறங்கும், பிள்ளைகளுக்குச் சத்தியும் (வாந்தி) வரும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உயரம், இரவில் சுவெட்டர் தேவை. ரயிலில் போக ஆசைப்பட்டால் நுவரெலியாவுக்கான நிலையம் நானுஓயா. ஆசனப் பதிவு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு திறக்கும், நல்ல ஆசனங்கள் உடனே முடிந்துவிடும். கடும் மழைக்குப் பின் மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு. ஆகவே ரயில் ஓடாவிட்டாலும் குலையாத திட்டமாக இருக்கட்டும்.

கொழும்பு இரண்டு இரவு

வெள்ளவத்தையில் தங்கினால் சாமான் வாங்குவதும் தமிழ்ச் சாப்பாடும் நடை தூரத்தில். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு அதிவேக வீதி 25 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் நகருக்குள் அந்த வீதியை எட்டவே பின்னேரங்களில் ஒரு மணி நேரம் போய்விடும். விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பு வெளிக்கிடுங்கள். பெட்டியை முதல் இரவே நிறுத்துப் பாருங்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, கருவாடு எல்லாம் இரட்டைப் பையில் கட்டி, கையில் கொண்டுபோகும் பையில் இல்லாமல் ஏற்றும் பெட்டியில் போக வேண்டும். அவுஸ்திரேலியா போவோர் உணவுப் பொருள் உண்டா என்ற கேள்விக்குப் படிவத்தில் ஆம் என்றே எழுத வேண்டும். எழுதிக் காட்டினால் ஆகக்கூடினால் பொருளை எடுத்துவிடுவார்கள், மறைத்துப் பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டி வரும்.