ஆறுமணிக் குருவியை மரத்தில் தேடாதீர்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பிக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒன்று, பாலக்கோட்டிலிருந்து ஒன்று, ஓசூரில் அடுக்குமாடியில் குடியிருக்கும் நண்பரிடமிருந்து ஒன்று. ஒரு சாண் நீளம்கூட இல்லாத குருவி. முதுகு பச்சை, இறக்கையில் பளீரென்று நீலம், மார்பு சந்தன நிறம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, கண்ணை மூடினாற்போல ஒரு கறுப்புப் பட்டை. கீழே கேள்வி: "இது என்ன மீன்கொத்தி?"

மீன்கொத்தி இல்லை, ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். நீலத்தைப் பார்த்ததும் மனசு மீன்கொத்திக்கு ஓடிவிடுகிறது. கொஞ்சம் காலைப் பாருங்கள். வெண்மார்பு மீன்கொத்திக்குக் கால் குட்டை, அலகு நீண்டு சிவந்திருக்கும். கரண்ட் கம்பியில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆறுமணிக் குருவிக்குக் கால்தான் நீளம், வாலோ இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற அளவு. தரையில் தத்தித் தத்திப் பிழைக்கிற உடம்பு அது. தவறாகச் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம். 1766-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே இதைக் காக்கை இனத்தில்தான் சேர்த்தார்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது, பார்க்கக் கிளம்புகிறார்கள். கழுத்து வலிக்க மரத்தையே அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பி வருகிறார்கள். இத்தனை வண்ணம் இருந்தால் உச்சிக் கிளையில்தான் இருக்கும் என்று எப்படியோ நமக்கு ஒரு நினைப்பு. இதற்குச் சோறு சருகுக்கு அடியில் இருக்கிறது. அலகால் ஒவ்வொரு இலையாகப் புரட்டி, அடியில் இருக்கும் பூச்சி, புழுக்களைப் பிடித்துத் தின்னும். மாந்தோப்பின் வேலியோரம், புளியமரத்தடி, ஓடைக்கரைப் புதர், உண்ணிச்செடிக்கு அடியில் உள்ள நிழல் ஆகியவைதான் தேட வேண்டிய இடங்கள். நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. ஓரிடத்தில் உட்கார்ந்து, சருகு சலசலக்கிற சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். முக்கால்வாசி நேரம் அது ஓணானாக இருக்கும், அது வேறு விஷயம். கத்துவதற்கும் இரவில் தங்குவதற்கும் மட்டும் கிளைக்குப் போகும்.

கத்துவது என்றதும் அடுத்த குழப்பம். ஆறு மணிக் குருவி என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு. அது வெளிச்சத்தைப் பார்த்துக் கத்துகிறது, மணியைப் பார்த்தல்ல. தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிவிடும். குருவியும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். மப்பும் மந்தாரமுமாக இருக்கிற நாளில் நடுப்பகலிலும் கேட்கலாம். குரல் என்பது இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி, அவ்வளவுதான். தலையைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்துக்கு நீட்டிக்கொண்டு அடிக்கும். இதைப் 'பாடும் பறவை' என்று எழுதுகிறார்கள். வகைப்பாட்டின்படி அது சரியில்லை. மைனாவும் கொண்டைக்குருவியும் இருக்கிற இசைப்பறவைக் கிளையில் இந்தக் குடும்பம் வராது, குரல்பெட்டியின் தசையமைப்பே வேறு. கேட்க இனிமையாக இருக்கிறது என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

அந்தச் சீட்டியைப் போனில் போட்டுக் குருவியை வரவழைப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. வேண்டாம். இன்னொரு குருவி தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு வந்து அது மல்லுக்கு நிற்கும். ஒரு படத்துக்காக அதன் காலைச் சாப்பாட்டைக் கெடுக்கிறோம்.

காட்டுப் பறவைதானே என்று அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுக்குள் இருட்டோடு தனியாகப் போவது இதைவிடப் பெரிய தப்பு. இந்தக் குருவி இங்கே இருக்கிற அதே மாதங்களில்தான் ராகி கதிர் முற்றும், யானைகள் வயலுக்கு இறங்கும். அந்தப் பகுதியில் ஒரு பங்கு 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் கூடாது. ஊருக்குள் இருக்கிற மாந்தோப்பே போதும்.

எப்போது தேடுவது என்பதிலும் ஏமாறுகிறார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும்போது பைனாகுலரையும் எடுத்துப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கர்நாடக மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். புரட்டாசி, ஐப்பசி வாக்கில்தான் தெற்கே வரும். சில இங்கேயே தங்கும், சில இலங்கை வரை போகும். சித்திரையில் மாங்காய் திரளும்போது திரும்பக் கிளம்பிவிடும். ஆகவே, "எங்கள் தோட்டத்து முள்செடியில் உருண்டையாகக் கூடு கட்டியிருக்கிறது" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் சில்லை என்கிற சின்னக் குருவியின் கூடாக இருக்கும். ஆறுமணிக் குருவியும் உருண்டைக் கூடுதான் கட்டும், ஆனால் இங்கே அல்ல. மயிலை வைத்து, இத்தனை நிறமாக இருப்பது ஆண்தான் என்று முடிவு கட்டுவதும் வேண்டாம். இதில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி.

தளி, பாகலூர்ப் பக்கம் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலப் பெயரை வைத்து "பிட்டா பார்த்தீர்களா?" என்று அங்கே தெலுங்கு பேசுகிறவரிடம் கேட்டால், "எந்தப் பிட்ட?" என்றுதான் திருப்பிக் கேட்பார். தெலுங்கில் பிட்ட என்றாலே குருவி. அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் இந்தக் குடும்பம் முழுவதற்கும் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

இனி நான் செய்த தவறு. இது இரவில் பறந்து வலசை வருகிற பறவை. களைத்து விழுவதும், கண்ணாடியில் மோதி விழுவதும் அடிக்கடி நடக்கும். பல வருடங்களுக்கு முன் சித்தப்பா வீட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது. இங்க் பில்லரால் வாயில் தண்ணீர் விட்டேன். ஊறவைத்த அரிசி கொடுத்தேன். தெருப் பிள்ளைகள் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் செத்துப்போய்விட்டது. நான் கொடுத்த எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை என்று பிறகுதான் புரிந்தது. வாயில் ஊற்றுகிற தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அரிசி அதற்கு உணவே இல்லை. மனிதக் கை பட்டாலே பயத்தில் துடிக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து, அதில் விட்டு மூடி, நாய் பூனை எட்டாத அமைதியான இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். ஓரிரு மணி நேரம் கழித்து உள்ளே தத்துகிற சத்தம் கேட்டால், பெட்டியைப் புதரடிக்குக் கொண்டுபோய்த் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பறக்கட்டும் என்று மேலே தூக்கிப் போடக் கூடாது. இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தோப்பு வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோமே, அதோடு இந்தக் குருவியின் இரையும் போய்விடுகிறது. சித்தப்பாவிடம் சொன்னபோது, "கண்ணாடி விரியன் வந்து படுத்தா நீ வந்து பிடிப்பியா?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டைச் சுற்றியும் நடைபாதையிலும் சுத்தமாகக் கூட்டிவிட்டு, ஆள் போகாத கிழக்கு வேலியோரத்தை மட்டும் அப்படியே விடுவது என்று பேசி முடித்தோம். அந்தக் குப்பையைப் பார்த்து இன்னமும் முணுமுணுக்கிறார். ஆனால் போன கார்த்திகையில் ஒரு நாள் விடிகாலை அவரே போன் பண்ணினார்.

"உங்க ஆறு மணி கத்திட்டான்டா. இன்னிக்கு லேட்டு, ஆறே கால்."