இணைப்பை மறந்த மெயிலை நிறுத்த, தண்டர்பேர்டில் நாமே ஒரு ஆட்-ஆன்

நான் வேலை பார்ப்பது திருநெல்வேலியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். கணக்கு எழுதுவது பாதி, கணினிகளைப் பார்த்துக்கொள்வது பாதி. இங்கே எல்லா மேசையிலும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள்தான். மெயிலும் நாட்காட்டியும் ஒரே இடத்தில் கிடைக்கும், காசும் கிடையாது. "படிவத்தை இணைத்துள்ளேன், கையொப்பமிட்டு அனுப்பவும்" என்று எழுதிவிட்டுப் படிவமே இல்லாமல் மெயில் போவதுதான் எங்கள் தலைவலி. அதை நிறுத்த ஒரு சின்ன ஆட்-ஆன், அதாவது தண்டர்பேர்டில் புது வசதி சேர்க்கும் துணை நிரல், எழுதும் வழியைச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்டை ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள். இணைப்பை நினைவூட்டும் வசதி தண்டர்பேர்டில் ஏற்கெனவே உண்டு. செட்டிங்ஸில் கம்போசிஷன் பக்கத்தில் "செக் ஃபார் மிஸ்ஸிங் அட்டாச்மென்ட்ஸ்" என்று இருக்கும். பக்கத்தில் உள்ள கீவேர்ட்ஸ் பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும்: அட்டாச், அட்டாச்டு, என்க்ளோஸ்டு, சிவி, கவர் லெட்டர், .பிடிஎஃப், .டாக். எல்லாமே ஆங்கிலச் சொற்கள். தமிழ் மெயிலை அது கண்டுகொள்ளாததற்கு வேறு மர்மம் ஒன்றும் இல்லை. அங்கேயே "இணைத்துள்ளேன்", "இணைப்பில்" என்று தமிழிலும் சேர்த்துவிடலாம். வீட்டு உபயோகத்துக்கு அதுவே தாராளம். ஆட்-ஆன் எழுதி மெனக்கெட வேண்டாம்.

அலுவலகங்களுக்கு இன்னொரு செட்டிங்கும் பயன்படும். டூ, சிசி பெட்டிகளில் நிறைய முகவரிகள் இருந்தால், "இவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்ப்பார்கள்" என்று தண்டர்பேர்ட் எச்சரிக்கும். ஆனால் 15 பேர் சேர்ந்தால்தான் வாயைத் திறக்கும். எங்களைப் போன்ற இடத்தில் இரண்டு வாடிக்கையாளர் ஒரே மெயிலில் சேர்ந்தாலே தப்பு. ஜெனரல் பக்கத்தின் அடியில் உள்ள கன்ஃபிக் எடிட்டரைத் திறந்து, "பப்ளிக் ரெசிபியன்ட்ஸ்" என்ற இரண்டு சொற்களை நடுவில் அடிக்கோடு போட்டு ஆங்கிலத்தில் தேடுங்கள். த்ரெஷோல்டு என்று முடியும் வரியில் 15-ஐ 2 ஆக்கினால் வேலை முடிந்தது.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அவுட்லுக்கில் ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்தி, விபிஏ என்ற மேக்ரோ மொழியில், மெயில் அனுப்பும்போது ஓடும் ஐட்டம்சென்ட் நிகழ்வுக்குள் நாலு வரி எழுதினால் இதே காரியம் ஆகும். கையொப்பத்தில் கம்பெனி லோகோ இருந்தால் அதையும் அது இணைப்பாக எண்ணிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய அவுட்லுக்கில் விபிஏ-வும் ஓடாது, பழைய காம் ஆட்-இன்களும் ஓடாது. வெப் ஆட்-இன் எழுதினால்தான் உண்டு. அது தனிக் கதை.

சரி, செட்டிங்ஸிலேயே தமிழ்ச் சொல்லைச் சேர்க்கலாம் என்றால் ஆட்-ஆன் எதற்கு? அந்தப் பட்டியலில் "இந்தச் சொல் வந்தால் கேள்" என்று சொல்லலாம், "இந்த இடத்தில் கேட்காதே" என்று சொல்ல வழியில்லை. எங்களுக்குத் தேவை இந்த இரண்டாவது. ஏன் என்று கீழே வருகிறது.

ஒரு ஃபோல்டரில் நாலு கோப்புகள் வேண்டும். முதலாவது மேனிஃபெஸ்ட்.ஜேசன், ஆட்-ஆனின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதில் பெயர், பதிப்பு எண், மேனிஃபெஸ்ட் பதிப்பு 2, கெக்கோ பிரிவில் மெயில் முகவரி வடிவில் ஒரு ஐடி, அனுமதிப் பட்டியலில் கம்போஸ் என்ற ஒன்று மட்டும், பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்டின் பெயர் ஆகியவை இருக்கும். இரண்டாவது அந்தப் பின்னணி ஸ்கிரிப்ட். மூன்றாவதும் நான்காவதும் "இணைப்பு இல்லையே, அனுப்பலாமா?" என்று கேட்கும் குட்டிச் சாளரத்தின் எச்டிஎம்எல் பக்கமும் அதற்கான ஸ்கிரிப்ட்டும். எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ச் சொற்கள் பெட்டி பெட்டியாகிவிடும். மேனிஃபெஸ்ட் 3-உம் எழுதலாம், ஆனால் அதில் பின்னணி ஸ்கிரிப்ட் சும்மா இருக்கும்போது தூங்கப் போய்விடும், மாறியில் வைத்தது மறந்துபோகும். இந்த வேலைக்கு 2 லேசு.

பின்னணி ஸ்கிரிப்ட்டில், மெயில் எழுதும் சாளரத்தோடு நம் நிரல் பேசும் வழியான கம்போஸ் ஏபிஐ-யின் ஆன்-பிஃபோர்-சென்ட் நிகழ்வுக்கு ஒரு லிஸனர், அதாவது அது நடக்கும்போது ஓடும் ஃபங்ஷன், போடுகிறோம். சென்ட் அழுத்தியதும் அது நம்மைக் கூப்பிட்டு, எந்த டேப், மெயிலில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் கையில் கொடுக்கும். கேன்சல் என்பதற்கு ட்ரூ என்று திருப்பிக் கொடுத்தால் மெயில் நிற்கும். முதல் வேலையாக லிஸ்ட்-அட்டாச்மென்ட்ஸைக் கூப்பிட்டு, ஏதாவது இணைப்பு இருந்தால் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

இணைப்பு இல்லை என்றால் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். எச்டிஎம்எல் மெயில் என்றால் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரும் டாம்-பார்சரில் போட்டு, பிளாக்கோட் பகுதிகளையெல்லாம் நீக்குங்கள். பதில் மெயிலின் அடியில் தொங்கும் பழைய கடிதம் அங்கேதான் இருக்கிறது. வாடிக்கையாளர் முந்தாநாள் "இணைத்துள்ளேன்" என்று எழுதியதற்கு இன்று நம்மைக் கேள்வி கேட்கக் கூடாது. மாஸ்-சிக்னேச்சர் என்ற கிளாஸ் உள்ள கையொப்பத்தையும் நீக்குங்கள். அப்புறம் எழுத்தை மட்டும் எடுப்பதற்கு முன், ஒவ்வொரு பிஆர் குறிக்கும் பத்தி முடிவுக்கும் ஒரு வரிமுறிவைச் செருகுங்கள். செருகாமல் டெக்ஸ்ட்-கன்டென்ட் எடுத்தால் இரண்டு வரிகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். சாதா டெக்ஸ்ட் மெயில் என்றால் ">" என்று தொடங்கும் வரிகளைத் தள்ளினால் போதும்.

இனி சொற்கள். முழு நேரத்தையும் இங்கே செலவழியுங்கள்.

தமிழில் "இணைப்பு" ஒரு வடிவில் நிற்காது. இணைத்துள்ளேன், இணைக்கப்பட்டுள்ளது, இணைப்பில் காண்க, பேச்சுவாக்கில் எழுதுகிறவர்களுக்கு இணைச்சிருக்கேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக "இணை" என்று தேடினால் அலுவலகமே நின்றுவிடும். வருமான வரி இணையதளம், இணை ஆணையர், இரண்டும் எங்கள் மெயிலில் அன்றாடம் வருபவை. அதனால் "இணைப்", "இணைத்", "இணைக்", "இணைச்" என்று அடுத்த மெய்யெழுத்தையும் சேர்த்து நாலாகத் தேடுங்கள். கூடவே "அட்டாச்", "கோப்ப" இரண்டும். "கோப்ப" என்று பாதியில் நிறுத்தியது தெரிந்தேதான்: கணினி "பு"வை "ப" தனியாக, உகரக் குறி தனியாகத்தான் வைத்திருக்கிறது. எனவே கோப்பு, கோப்பில், கோப்பை, கோப்புகள் எல்லாமே "கோப்ப"வில் மாட்டும். தேநீர்க் கோப்பையும் மாட்டும்தான். ஆடிட்டர் அலுவலக மெயிலில் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

தேடலுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெல்லையைக் குறிக்கும் "பி" குறியை நம்பாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்த எல்லை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை வைத்து மட்டும்தான் தெரியும். தமிழ் எழுத்து அதன் கணக்கில் எழுத்தே இல்லை. உரைக்குள் அந்தத் துண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இன்க்ளூட்ஸ் போதும். ஆனால் அதற்கு முன் உரையையும் தேடும் சொற்களையும் நார்மலைஸ் செய்து, குறிகளைச் சேர்த்தே வைக்கும் என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். "கோ"வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இன்க்ளூட்ஸுக்கு வேறு வேறு. வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டும் உரையில் இரண்டாவது வடிவம் வந்து விழும்.

இதையெல்லாம் செய்து முதல் பதிப்பை எல்லா மேசைகளிலும் போட்டதும், எங்கள் மூத்த கணக்கர் அண்ணாச்சி கூப்பிட்டார். "என்னடே இது, ஆதார்னு எழுதுனாலே மறிக்குது?" போய்ப் பார்த்தால் மெயிலில், "தங்கள் ஆதாரை பான் எண்ணுடன் இணைத்துவிட்டீர்களா?" என்று இருந்தது. வரி அலுவலகத்தில் இந்த வாக்கியம் வராத நாள் இல்லை. அதனால்தான் கேட்கக் கூடாத இடங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்றேன்.

உரையை வாக்கியங்களாகப் பிரியுங்கள். வரிமுறிவு, கேள்விக்குறி, பின்னால் இடைவெளி உள்ள புள்ளி ஆகியவை வாக்கிய முடிவு. வெறும் புள்ளியில் பிரித்தால் "ஜி.எஸ்.டி." துண்டு துண்டாகிவிடும். ஒரு வாக்கியத்தில் ஆதாரும் பானும் சேர்ந்து வந்தால் அங்கே "இணைத்" இருந்தாலும் கேட்காதே என்பது விதி. ஆதாரை "ஆதார" என்று சுருக்கித் தேடிவிடாதீர்கள். "ஆதாரங்களை இணைத்துள்ளேன்" என்பது கட்டாயம் நிறுத்த வேண்டிய மெயில். "ஆதார்", "ஆதாரை", "ஆதாரு" என்று மூன்றாக எழுதினால் ஆதாரம், ஆதாரங்கள், ஆதாரத்தை எதுவும் உள்ளே வராது. அதே வாக்கியத்தில் "நகல" இருந்தால் விதிவிலக்குக்கே விலக்கு: "ஆதார், பான் நகல்களை இணைத்துள்ளேன்" என்றால் கேட்டே ஆக வேண்டும். "மின் இணைப்பு", "குடிநீர் இணைப்பு", "எரிவாயு இணைப்பு" ஆகிய மூன்றையும் தேடலுக்கு முன்பே உரையிலிருந்து அழித்துவிடலாம்.

இதற்கு மேலும் விதி எழுதிக்கொண்டே போகலாம், போகாதீர்கள். நாளைக்கு ஒரு வீண் கேள்வி வந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். பத்து வந்தால், படிக்காமலே "அனுப்பு" அழுத்தக் கை பழகிவிடும், பிறகு ஆட்-ஆன் இருப்பதும் இல்லாததும் ஒன்று. உங்கள் அலுவலகத்துக்கு உரிய சொற்கள் வேறாக இருக்கும். சென்ட் பெட்டியில் "இணை" என்று தேடிப் பாருங்கள், பட்டியல் தானாகக் கிடைக்கும்.

கேட்கும் சாளரத்தை விண்டோஸ்-கிரியேட் கொண்டு பாப்அப் வகையில் திறந்து, லிஸனரிலிருந்து ஒரு பிராமிஸை, அதாவது "பதில் பிறகு வரும்" என்ற வாக்கை, திருப்பிக் கொடுங்கள். இரண்டு பொத்தான்கள்: அனுப்பு, திரும்பு. எது அழுத்தப்பட்டதோ அதை ரன்டைம் மெசேஜாகப் பின்னணிக்குச் சொல்லி பிராமிஸை முடிக்க வேண்டும். சிலர் பொத்தான் எதையும் தொடாமல் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்திச் சாளரத்தை மூடுவார்கள். விண்டோஸ்-ஆன்-ரிமூவ்டு நிகழ்வில் அதையும் "திரும்பு" என்று எடுத்துக்கொள்ளாவிட்டால், மெயில் போகாமலும் வராமலும் காத்துக்கொண்டே கிடக்கும்.

சோதிக்க, ஆல்ட் அழுத்தி டூல்ஸ் மெனுவில் டெவலப்பர் டூல்ஸ், டீபக் ஆட்-ஆன்ஸ், "லோடு டெம்பரரி ஆட்-ஆன்" என்று போய் மேனிஃபெஸ்ட் கோப்பைக் காட்டுங்கள். பக்கத்தில் உள்ள இன்ஸ்பெக்ட் பொத்தான் கன்சோலைக் காட்டும். தண்டர்பேர்டை மூடினால் இது போய்விடும். நிரந்தரமாகப் போட, நாலு கோப்புகளையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்து, பெயரின் கடைசியை எக்ஸ்பிஐ என்று மாற்றுங்கள். ஃபோல்டரை ஜிப் செய்தால் எடுபடாது, மேனிஃபெஸ்ட் ஜிப்பின் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். பிறகு ஆட்-ஆன்ஸ் பக்கத்தின் பல்சக்கரத்தில் "இன்ஸ்டால் ஆட்-ஆன் ஃப்ரம் ஃபைல்". ஃபயர்ஃபாக்ஸைப் போல இதற்குக் கையொப்பம் வாங்கத் தேவையில்லை.

நாட்காட்டிக்கும் இப்படி ஒன்று எழுதலாமே என்று தோன்றும். மெயிலுக்கு இருப்பதுபோல நிலையான ஏபிஐ-யை நாட்காட்டிக்கு நம்பி இறங்க முடியாது; சோதனை வடிவில் கிடைப்பதைச் சேர்த்தால் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் நாட்காட்டி நிகழ்வுகளை வைத்திருக்கும் ஒரு ஐசிஎஸ் கோப்போடு முடித்துக்கொண்டேன். தனி நாட்காட்டி ஒன்றைத் திறந்து, டிடிஎஸ் (மூலத்திலேயே பிடித்த வரி) கட்ட 7, ஜிஎஸ்டி படிவங்களான ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20 என்று மாதாமாதம் திரும்பும் நிகழ்வுகளாகப் போட்டு, ஏற்றுமதி செய்து, மற்ற கணினிகளில் இறக்குங்கள். மார்ச் மாத டிடிஎஸ்-க்கு மட்டும் கெடு ஏப்ரல் 30 என்பதால், ஏப்ரல் 7-ஐத் திறந்து "இந்த ஒரு நிகழ்வை மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்து 30-க்கு நகர்த்துங்கள். ஐசிஎஸ் கோப்பைக் கையால் எழுதுகிறவர்கள் தலைப்பைச் சிக்கனமாக வையுங்கள். ஒரு வரி 75 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது அந்த வடிவத்தின் விதி. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும்.