அப்பா பேசி அனுப்பிய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

எண்பதுகளில் உங்கள் வீட்டிலிருந்து யாராவது மஸ்கட்டுக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போயிருந்தால், பரணில் ஏதோ ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பேசி அனுப்பிய கேசட்டுகள் கிடக்க வாய்ப்பு உண்டு. எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அது சர்வ சாதாரணம். போனில் பேச வேண்டுமென்றால் டவுனுக்குப் போய் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும், காசும் கட்டுப்படியாகாது. அதனால் லீவில் வருகிறவர் கையில் அப்பாவின் கேசட் வரும், அவர் திரும்பிப் போகும்போது எங்கள் பதில் கேசட் போகும். கடிதத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டிய அப்பாயிக்கு, கேசட்தான் நேரடியாக மகனோடு பேசியது.

இந்தக் கேசட்டுகளைக் காசு வாங்கிக்கொண்டு கணினிக் கோப்பாக மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. உறவினர் ஒருவருக்கு அப்படி வந்ததைக் கேட்டேன். பேச்சு நின்ற இடத்தோடு வெட்டிவிட்டார்கள். இரைச்சலை எடுக்கிறேன் என்று வழித்து வழித்து, தாத்தாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. கை இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, நாமே செய்துகொள்ளலாம்.

முதலில் கேசட்டை ஓடவிடாமல் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து, சின்னக் கண்ணாடி வழியாக ரீலின் ஓரத்தைக் கவனியுங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஓட்டினால் டேப் ரெக்கார்டரின் ஹெட்டில், அதாவது ரீலிலிருந்து ஒலியை எடுக்கும் பாகத்தில், ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பிறகு கீழ் வாயில், நடுவில் ஒரு குட்டிப் பஞ்சுத்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய செம்பு நிறத் தகட்டில் ஒட்டியிருக்கும் அதுதான் ரீலை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது. பல கேசட்டுகளில் பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் குரல் கிணற்றடியில் கேட்கும். ஓட்டில் ஐந்து ஸ்க்ரூ போட்ட, தேவைப்படாத ஒரு பாட்டுக் கேசட்டைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் நம் ரீலை அப்படியே மாற்றி வைத்துவிடலாம். ரீல் அறுந்திருந்தால் சாதாரண செலோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். நாளாக ஆக அந்தப் பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே ஒட்டும் டேப் ஆன்லைனில் கிடைக்கிறது.

கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு மூலையிலும் சின்ன நாக்குகள் இருக்கும். அவற்றை இப்போதே உடைத்துவிடுங்கள். உடைத்த பிறகு தவறி ரெக்கார்ட் பட்டனைத் தொட்டாலும் அமுங்காது. கடையில் விற்ற பாட்டுக் கேசட்டுகளில் அது உடைத்தேதான் வரும். அப்பா அந்த ஓட்டையில் காகிதம் திணித்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டி, பாட்டின் மேலேயே பேசிவிடுவார். வெற்றுக் கேசட்டுக்கு எதற்குத் தண்டச் செலவு என்பது அவர் கட்சி. இப்படிப்பட்ட கேசட்டில் ஸ்டிக்கரை உரித்துக் காகிதத்தை எடுத்துவிட்டால் போதும்.

அடுத்தது டேப் ரெக்கார்டர். ஆன்லைனில் விற்கும் கையடக்க யூ.எஸ்.பி. பிளேயர்களில் வேகம் சீராக இருக்காது. வேறு வழியில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். வீட்டில் பழைய நேஷனல் பானசோனிக்கோ வேறெதுவோ இருந்தால் அதுவே மேல். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சிலதில் உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும். ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் யாராவது உங்கள் ஊரில் மிச்சம் இருந்தால் பெல்ட்டை மாற்றித் தருவார். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடையுங்கள். பழுப்பு அழுக்கு வரும், பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்கலாம். எங்கள் மாமா செண்ட்டைத் தொட்டுத் துடைப்பார்; அது வேண்டாம். ரப்பர் உருளைக்கு ஈரத் துணி போதும். முதலில் போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். ரீலைச் சிக்க வைக்கவில்லை என்றால் அப்பாவின் கேசட்டை உள்ளே வைக்கலாம். வைத்ததும் பிளே போடாமல், ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த சுற்றுகள் இளகும்.

டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு 3.5 மி.மீ. கேபிள். புது லேப்டாப்புகளில் ஒரே ஒரு துளைதான் இருக்கும், அது இதற்குச் சரிவராது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருள். அதில் பதிவுத் தரத்தை 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வையுங்கள். பேச்சுக்கு அது தாராளம்.

குரல் மந்தமாக இருந்தால், ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். மஸ்கட்டில் பதிந்த டேப்பின் ஹெட் ஒரு கோணம், நம் டேப்பின் ஹெட் ஒரு கோணம். அந்த ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ‘ச’, ‘ஸ’ எல்லாம் எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ‘சரசு, சௌக்கியமா?’ என்று அப்பா தொடங்குகிற இடம் எனக்கு இதற்கு வசதியாக இருந்தது.

சத்த அளவை வைக்க, கேசட்டிலேயே உரக்க இருக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் பதில் கேசட்டுகளில் அது அப்பாயி. மஸ்கட் வெகு தூரம் என்பதால் டேப்புக்குள் வாயை வைத்துக் கத்துவார்: ‘ஏய்யா, எண்ணெ தேச்சுக் குளிக்கிறியா?’ அந்த இடத்தில் ஆடாசிட்டியின் அளவுகோல் சிவப்பைத் தொடாமல் மைனஸ் 6 டெசிபல் பக்கத்தில் நின்றால் சரி. மற்றவர்கள் மெதுவாகத்தான் கேட்பார்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். இதில் குறுக்குவழி கிடையாது, அவ்வளவு நேரமும் ஓட வேண்டும். பேச்சு முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். அப்பா ‘சரி, வைக்கிறேன்’ என்று போன் மாதிரிச் சொன்ன பிறகு டக்கென்று பழைய பாட்டு பாதி வரியில் கிளம்பும். அதுவும் ஓய்ந்து சில நிமிடம் கழித்து, மறந்துபோன ஏதோ ஒன்றைச் சொல்ல மறுபடி வந்திருப்பார். கீற்றுக் கொட்டகைக்கு ஓடு போட வேண்டும் என்ற பேச்சு எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். குடும்பக் குரூப்புக்கு அனுப்ப எம்.பி.3 நகல் போதும். இரைச்சல் நீக்குவதை நகலில் மட்டும் செய்யுங்கள், அதுவும் லேசாக. அறையில் ஏ.சி. ஓடுவதும், பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவதும், தூரத்துப் பாங்கோசையும் அப்பா இருந்த இடத்தைப் பற்றி அவர் சொல்லாததைச் சொல்கின்றன.

தேதி எழுதாத கேசட்டுக்கு, பேச்சுக்குள்ளேயே தடயம் இருக்கும். ‘எம்ஜிஆர் போயிட்டாராமே, கடையெல்லாம் தொறந்துட்டாங்களா?’ என்று அப்பா கேட்டால், அது 1987 டிசம்பர் 24-க்குப் பிந்தியது. அந்த மாதக் கடைசி அல்லது பொங்கலுக்குள். குவைத்தில் இருந்த சித்தப்பாவை நினைத்து வீடே கலங்கிப் பேசியது, ஈராக் குவைத்துக்குள் புகுந்த 1990 ஆகஸ்டுக்குப் பிறகு. இதையெல்லாம் அம்மாவோடு உட்கார்ந்து கேட்டு, எந்த நிமிடத்தில் யார் பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். நமக்கு வெறும் இருமல். அம்மா கேட்டவுடன் ‘அது ஒரத்தநாட்டுக்காரரு, சமையல் அவருதான்’ என்பார். இந்த நோட்டு இல்லாத கோப்புக்குப் பாதி மதிப்புதான்.

இனி பி பக்கம். கேசட் வந்த அன்றைக்கு வீடே கூடி உட்கார்ந்து கேட்கும், அக்கம்பக்கமும் திண்ணையில் இருக்கும். புருஷன் பெண்டாட்டிக்கென்று தனியாக எதுவும் சொல்ல முடியாது. அதனால் அப்பா ஏ பக்கக் கடைசியில், ‘அந்தப் பக்கம் பாட்டுதான், போட வேண்டாம்’ என்பார். அம்மா அந்தக் கேசட்டைப் பீரோவில் பூட்டிவிடுவார். அது பாட்டில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாயிக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படி ஒரு பக்கம் இருந்தால், சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போது அவரைக் கேட்காமல் கேட்காதீர்கள். காதால் கேட்காமலே பதிவு செய்ய முடியும். கேபிளைச் செருகியதும் டேப்பின் ஸ்பீக்கர் நின்றுவிடும், லேப்டாப்பின் சத்தத்தையும் அடைத்துவிடுங்கள். ஏ பக்கத்தில் வைத்த அதே அளவை வைத்து, திரையில் அலை ஏறி இறங்குவதை மட்டும் பாருங்கள். அலை ஓடுகிறது என்றால் குரல் பதிகிறது. முடிந்ததும் அந்தக் கோப்பைத் தனிப் பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுங்கள். குரூப்பில் போடுவதா, வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்பது அவர் பாடு. நகைகளை அடகு வைத்தது, சீட்டுப் பணத் தகராறு, யாரோ கொடுக்காமல் போன கடன் என்று ஏ பக்கத்திலும் வில்லங்கம் இருக்கும். அதையும் ஒரு தடவை யோசித்துவிட்டுப் பகிருங்கள், பேரன்கள் எல்லாம் குரூப்பில் இருக்கிறார்கள்.

மற்ற கோப்புகளை லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பு வீட்டில் ஒன்று என வையுங்கள். கோப்பின் பெயரில் வருஷமும் ஆளும் இருக்கட்டும்: ‘1988-அப்பா-ஏ’. கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசிவரை சுற்றி, பெட்டியில் போட்டு, புத்தகம் போல நிற்க வைத்து, ஸ்பீக்கர் காந்தத்துக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். பரண் மட்டும் இனி வேண்டாம். ஓட்டுச் சூட்டில் அது அடுப்பு.