டி மாடல் ஃபோர்டு: பெட்ரோல் குழாயின் அளவு போதுமா என்று சோதிப்பது எப்படி?

சமதளத்தில் ஒழுங்காக ஓடி, மேட்டில் பாதி வழியில் திணறும் டி மாடலை (1908–1927) வைத்திருப்பவர்கள் முதலில் கார்புரேட்டரைத்தான் பிரிப்பார்கள். அதற்கு முன் குழாயைப் பாருங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் முன் சீட்டுக்கு அடியிலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி வரவேண்டும். மேட்டில் முன்பக்கம் உயர்ந்ததும் அந்த இறக்கம் சுருங்கிவிடும். செங்குத்தான மேடுகளில் ரிவர்ஸில் ஏற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கணக்கு. 20 குதிரைத்திறன் எஞ்சின். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 300 கிராம் பெட்ரோல் என்று வைத்தால் 6 கிலோ, அதாவது 8 லிட்டர். நிமிடத்துக்கு 135 மில்லி. நான் இரண்டு மடங்கு, 270 மில்லி வந்தால்தான் ஒப்புக்கொள்வேன்.

அப்புறம் குழாய். கால் அங்குலக் குழாய் என்றால் அது வெளிவிட்டம். சுவர் 0.8 மி.மீ. என்றால் உள்ளே 4.75 மி.மீ.தான். 3/16 அங்குலக் குழாயில் 3.2 மி.மீ.; துளையின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும், சுவர் உரசலால் வரத்து அதைவிடவும் குறையும். துளையை அளக்க வெர்னியரைவிட டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைச் செருகிப் பார்ப்பதே எனக்குப் பிடித்த வழி.

இனி சோதனை. திறந்தவெளி, ஆறிய எஞ்சின், பக்கத்தில் நெருப்பு கூடாது. குழாயின் கார்புரேட்டர் பக்க முனையைக் கழற்றி, ஒரு நிமிடம் பெட்ரோலை அளவுக் குவளையில் பிடியுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும்: குழாயின் வாய் கார்புரேட்டரில் மாட்டியிருந்த அதே உயரத்தில் இருக்கவேண்டும். தரையில் வைத்த டப்பாவுக்குள் ரப்பர் டியூபைத் தொங்கவிட்டால் கூடுதல் இறக்கம் கிடைத்து, மெல்லிய குழாய்கூடப் பாஸாகிவிடும். டேங்கில் பெட்ரோலும் கொஞ்சமாகவே இருக்கட்டும். சமதளத்தில் அளந்த பிறகு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஏற்றமான இடத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள். இந்த இரண்டாவது அளவுதான் கணக்கு.

குழாய் பாஸானால் அதை மாட்டிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறந்து இன்னொரு தடவை பிடியுங்கள். இப்போது மட்டும் குறைந்தால், கிண்ணத்துக்குள் பெட்ரோலை அளவாக விடும் மிதவை ஊசியின் வழி குறுகல். குழாய்மேல் பழி இல்லை.

பின்சேர்க்கை: முதலில் வேகமாக வந்து போகப்போக மெலிகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். வரத்து சீரானால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் போதும்.