டிப்ஸ்டிக் இல்லாத காரில் ஆயில் அளவு பார்ப்பது எப்படி? மலையில் வசிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பழைய காரில் ஆயில் பார்ப்பது பல் தேய்ப்பது போன்ற வேலை. பானெட்டைத் தூக்கி, மஞ்சள் வளையத்தைப் பிடித்து டிப்ஸ்டிக்கை உருவி, கிழிந்த பனியன் துணியில் துடைத்து, மறுபடி செருகி உருவினால், இரண்டு கோடுகளுக்கு நடுவே பளபளப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கிக் குன்னூருக்கு ஓட்டிவந்த மறுநாள் காலை அதையேதான் செய்யப் போனேன். மஞ்சள் வளையத்தைக் காணவில்லை. இருந்த கறுப்பு மூடிகளையெல்லாம் தடவிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பல வருடம் லாரி ஓட்டிய பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பியைத் தனியாக விற்றுவிட்டு வண்டியை உன்னிடம் விற்றிருக்கிறான் தம்பி" என்றார்.

யாரும் விற்கவில்லை. அந்தக் காருக்குக் கம்பியே கிடையாது. ஆயில் அளவை டேஷ்போர்டு திரையில்தான் பார்க்க வேண்டும். உங்களிடமும் அப்படி ஒரு கார் இருந்தால், அதுவும் நீங்கள் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வசிப்பவராக இருந்தால், இந்தக் குறிப்பு உங்களுக்காக. சமவெளியில் ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலைக்கு மலையில் கொஞ்சம் ஏற்பாடு தேவைப்படுகிறது.

முதலில், கார் எப்படி அளக்கிறது?

என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் அதை ஆயில் பேன் அல்லது சம்ப் என்பார்கள். அதன் அடித்தட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சென்சார் பொருத்தப்பட்டிருக்கும். இப்போது வரும் பல கார்களில் அது காதுக்குக் கேட்காத ஒலியை மேல்நோக்கி அனுப்புகிறது. ஒலி ஆயிலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்து ஆயிலின் உயரத்தைக் கணக்கிடுகிறது. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழத்தை மதிப்பிடுவோமே, அந்தக் கணக்குதான். ஆயிலின் சூட்டையும் சேர்த்தே அளந்துகொள்ளும்.

சென்சாருக்குத் தெரிவது தன் தலைக்கு நேர் மேலே உள்ள ஆயிலின் உயரம் மட்டும்தான். தொட்டியின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மலைக்காரர்களுக்கு இதில் உள்ள சிக்கலைக் கீழே சொல்கிறேன்.

விளக்கைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

எண்ணெய்க் குடுவை படம் மஞ்சளில் எரிந்தால், பெரும்பாலும் அளவு குறைந்திருக்கிறது என்று பொருள். அடுத்து வண்டி நிறுத்த வசதியான இடம் வரும் வரை நிதானமாகப் போகலாம். அதே படம் சிவப்பில் எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். உடனே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். "கீழே பர்லியாறு ஊர் வரை இறக்கிவிடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். அழுத்தம் இல்லாமல் ஓடும் என்ஜினுக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு தூரம்கூட அதிகம்.

படி 1: உங்கள் கார் எந்த வகை?

வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும். முறை காருக்குக் கார் மாறும், ஆனால் பெரும்பாலும் இரண்டு வகைதான். பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஆடி கார்கள் பலவற்றில் என்ஜினை அணைத்து, ஆயில் கீழே வடிய ஓரிரு நிமிடம் காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றில் செய்தால் அளவு தவறாக வரும், அல்லது வரவே வராது. பானெட் திறந்திருந்தால் அளவு காட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கார்களும் உண்டு.

திரையும் இருந்து டிப்ஸ்டிக்கும் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். டிப்ஸ்டிக்கை நம்புங்கள்.

படி 2: சூடாக்குங்கள்

குளிர்ந்த என்ஜினில் இந்த அளவு கிடைக்காது. ஆயில் சூடானால் விரியும். 5 லிட்டர் ஆயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 200 மில்லி கூடும். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பல கார்களில் ஒரு லிட்டர்தான் என்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் சூட்டிலேயே போய்விடுகிறது.

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி முள் நடுவே வந்துவிட்டால் என்ஜின் தயார் என்று நினைத்துவிடுகிறோம். அந்த முள் காட்டுவது பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் முதலில் சூடாகும். ஆயில் மெதுவாகத்தான் பின்னால் வரும். பனி விழும் ஜனவரிக் காலையில் அந்த இடைவெளி இன்னும் நீளும்.

மேல் குன்னூரில் இருந்து இறங்கி மார்க்கெட்டில் காய்கறி வாங்கித் திரும்புவதெல்லாம் ஆயிலைச் சூடாக்கும் ஓட்டமே அல்ல. ஓடும்போதே தானாக அளந்துகொள்ளும் கார்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குட்டிக் குட்டிப் பயணங்களும், வளைந்துகொண்டே போகும் பாதையும் இருந்தால் அவற்றால் ஒரு முடிவுக்கு வர முடியாது. கடைசியாக எப்போதோ சரியாக அளந்த பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். அரைமணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள். நான் குன்னூரில் கிளம்பி வெலிங்டன், அருவங்காடு, கேத்தி வழியாக உதகைக்குப் போகும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்கிறேன்.

படி 3: சமதளத்தைக் கண்டுபிடியுங்கள்

மலையில் பாதி வேலை இதுதான். என் வீட்டு வாசல் சமமாக இருக்கிறது என்றுதான் பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். மலையிலேயே இருப்பவனின் கண்ணுக்கு லேசான சரிவு சரிவாகவே படாது. 20 அடிக்கு 1 அடி இறக்கம் இங்கே "நல்ல ரோடு". ஆயில் தொட்டி அரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அந்த "நல்ல ரோட்டில்" ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஆயில் மட்டம் இரண்டரை சென்டிமீட்டர் மாறுகிறது. சென்சார் மேட்டுப்பக்கம் இருந்தால் ஆயில் இல்லை என்று அலறும். பள்ளப்பக்கம் இருந்தால் நிறைய இருக்கிறது என்று சமாதானம் சொல்லும். இரண்டாவதுதான் ஆபத்து.

சமமா என்று பார்க்க ஒரு வழி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கட்டைவிரல் அளவு காற்று மட்டும் இருக்கும்படி நிரப்பி, மூடி, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுக்கவையுங்கள். காற்றுக்குமிழி நடுவே நின்றால் சமம், ஒரு முனைக்கு ஓடினால் அந்தப் பக்கம் மேடு. வண்டியின் நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை. நடுப்பகுதி நேராக, கோடில்லாமல் இருக்கும் பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு ஒடுங்கிய பாட்டிலில் குமிழி தன் இஷ்டத்துக்கு நிற்கும். கைபேசியிலும் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது, ஆனால் ஈரத் தரையில் கைபேசியை வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

உதகையில் எனக்குக் கிடைத்த நல்ல இடங்கள் எல்லாம் பஸ் நிலையத்தையும் முன்பு குதிரைப் பந்தயம் நடந்த மைதானத்தையும் ஒட்டிய பகுதியில்தான் இருக்கின்றன. அது தற்செயல் அல்ல. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஏரி ஒரு காலத்தில் அதுவரை பரந்திருந்தது. ஏரி சுருங்கச் சுருங்க, அந்தப் படுகையில்தான் பஸ் நிலையமும் மைதானமும் வந்தன. 2,240 மீட்டர் உயரத்தில் ஓர் ஊருக்கு நடுவே இவ்வளவு சமதளம் கிடைப்பது தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில்தான்.

கீழே இறங்கும் நாட்களில் மேட்டுப்பாளையம் எனக்கு வசதி. அங்கே உருளைக்கிழங்கு மண்டிகளுக்கு வரும் லாரிகளுக்கான எடை மேடைகள் உண்டு. எடை சரியாக வர வேண்டுமென்றால் மேடை சமமாக இருந்தே ஆக வேண்டும் அல்லவா? ஒருநாள் லாரி எதுவும் வரிசையில் இல்லாத நேரம் பார்த்து ஏறி நின்றேன்.

"காரில் என்ன லோடு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் எடை போடுபவர்.

"லோடு இல்லை அண்ணா. ஆயில் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "நின்றால் எடை கூலி உண்டு" என்று சொல்லிவிட்டுச் சீட்டை அச்சடித்து நீட்டினார். 1,640 கிலோ. "இதில் ஆயில் எத்தனை கிலோ என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

படி 4: திரையில் அளவெடுப்பது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் நிலைக்கும், மற்றதென்றால் நியூட்ரலுக்கும் கொண்டுவாருங்கள். திரையில் வண்டியின் நிலையைக் காட்டும் பகுதிக்குள் போனால் என்ஜின் ஆயில் என்று ஒரு வரி இருக்கும். ஓடும்போது அளக்கும் வகையில் "அளவெடு" என்பது போன்ற ஒரு கட்டளையும் இருக்கும். அதை அழுத்திவிட்டு ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் உட்கார்ந்திருங்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அணைத்துப் பார்க்கும் வகையென்றால் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து பாருங்கள்.

ஒரு பட்டையும் இரண்டு கோடுகளும் தெரியும். பட்டையின் முனை இரண்டுக்கும் நடுவே இருந்தால் வேலை முடிந்தது. உச்சிக்கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 5: ஊற்ற வேண்டியிருந்தால்

இதில் நான் கட்டிய அபராதத்தைச் சொல்லிவிடுகிறேன். சரிவான என் வீட்டு வாசலில், பட்டை அடிக்கோட்டைத் தொடுவதாகத் திரை சொன்னது. அரை லிட்டர் ஊற்றினேன். திரையைப் பார்த்தேன், பட்டை அசையவில்லை. இன்னும் அரை லிட்டர். அப்போதும் அசையவில்லை. வாசலிலேயே வண்டியை நிறுத்தி, ஊற்றிக்கொண்டே திரையைப் பார்த்தால் பட்டை எப்படி அசையும்? அது பழைய அளவு. புதிதாக அளக்கும் வரை அதுதான் நிற்கும். இரண்டு நாள் கழித்து உதகையில் சரியாக அளந்தபோது உச்சிக்கோட்டைத் தாண்டி, "அளவு அதிகம்" என்று எச்சரிக்கை வந்தது. மெக்கானிக் அடியில் போல்ட்டைக் கழற்றி முக்கால் லிட்டரை வடித்தார். "கார் சொன்னது போன வாரக் கணக்கு சார்" என்றார் சிரித்துக்கொண்டே.

ஆயில் அதிகமானால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். தயிர் கடைவது போல. நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. மிஞ்சியது காற்று போகும் குழாய் வழியாக உள்ளே போய் எரிந்து நீலப் புகையாக வரும்.

ஆகவே என்ஜினை அணைத்துவிட்டு, கால் லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். மூடியை இறுக்குங்கள். மறுபடி ஓட்டி, மறுபடி சமதளத்தில் நிறுத்தி, மறுபடி அளந்து பாருங்கள். எந்த ஆயில் என்பதைக் கையேடு சொல்லும். 5டபிள்யூ-30 என்றால் அதேதான், அதோடு உங்கள் கார் நிறுவனத்தின் ஒப்புதல் குறியும் டப்பாவில் இருக்க வேண்டும். "மலைக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகலாக ஓடும் என்பதைக் குறிப்பது. அது சிறியதாக இருப்பது இந்த ஊர்க் காலைக்கு நல்லதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன், நீண்ட பயணத்துக்கு முன்னும் பார்க்கிறேன். மலை வண்டிகள் சமவெளி வண்டிகளைவிடச் சற்று அதிகமாக ஆயில் குடித்தால் பதற வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு, தாழ்ந்த கியரில் நீண்ட நேரம் இறங்கும்போது பெட்ரோல் என்ஜினுக்குள் உறிஞ்சும் விசை கூடி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் ஆயில் மேலே ஏறும். உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளையும் இறங்கி, மசினகுடிப் பக்கம் போய் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் லேசாக நீலப் புகை வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். கியரில் இறங்குவதை இதற்காக விட்டுவிடாதீர்கள், பிரேக் உங்கள் உயிர்.

அளவைத் தேதியோடு எழுதிவைத்தால்தான் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். நான் எழுதுவது அந்த எடைச் சீட்டின் பின்புறத்தில். கடைசி வரி: மேட்டுப்பாளையம், எடை மேடை, 61,240 கி.மீ., முக்கால் அளவு, ஊற்றவில்லை.