ஒரு கெனிசா கடிதத்தை எப்படி வாசிப்பது

இடைக்கால யூதர்களைப் பற்றி அறிய எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களை நான் தத்துவ நூல்களுக்கு அனுப்புவதில்லை. முதலில் ஒரு கடிதத்தைப் படியுங்கள் என்பேன். பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா என்ற யூத ஜெப ஆலயத்தில் ஓர் அறை இருந்தது. கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பதால், தேய்ந்த ஏடுகளை அங்கே போட்டுவைத்தார்கள். அவற்றோடு கடன் சீட்டு, திருமண ஒப்பந்தம், சரக்குக் கணக்கு எல்லாம் சேர்ந்துகொண்டன. சுமார் 4,00,000 துண்டுகள்! அதுதான் கெனிசா. பெரும்பகுதி இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறது. பிரின்ஸ்டன் கெனிசா திட்டத்தின் இணையதளத்தில் படங்களையும் பல மொழிபெயர்ப்புகளையும் பார்க்கலாம்.

படத்தை முதலில் பாருங்கள், மொழிபெயர்ப்பு பிறகு. எழுத்து ஹீப்ரு, மொழி பெரும்பாலும் அரபு. தாள் விலையுள்ள பொருள் என்பதால் இடம் தீர்ந்ததும் ஓரத்தில் தாளைத் திருப்பி எழுதியிருப்பார்கள். அவசரச் செய்திகளை அந்த ஓரத்தில் தேடுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள்; முகவரி அங்கேதான் இருக்கும்.

தொடக்கத்தில் வரும் நீண்ட வாழ்த்துகளை வேகமாகக் கடந்துவிடலாம். தேதியில் மட்டும் நிதானம் தேவை. பலர் கி.மு. 312இலிருந்து எண்ணும் செலூக்கிய ஆண்டைப் பயன்படுத்தினார்கள். இலையுதிர் காலத்தில் ஆண்டு பிறக்கும். நம் ஆண்டு தெரிய, டிசம்பர் வரை 312ஐயும் அதன் பிறகு 311ஐயும் கழியுங்கள். மங்களூரில் வாழ்ந்த துனிசிய வணிகர் ஆபிரகாம் பென் யிஜு, ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுவித்த பத்திரம் செலூக்கிய 1444ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒன்றைச் சேர்ந்தது. அதாவது 1132 அக்டோபர்.

பணத்துக்கும் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். எளிய குடும்பம் ஒன்று மாதம் 2 தீனாரில் (தீனார் என்பது பொற்காசு) வாழ்ந்தது என்பது இக்கடிதங்களை ஆயுள் முழுக்க ஆராய்ந்த கோய்ட்டைனின் மதிப்பீடு. கடற்கொள்ளையரிடம் சிக்கிய ஒருவரை மீட்க வழக்கமாகக் கேட்கப்பட்டது 33⅓ தீனார். ஒரு குடும்பத்தின் ஒன்றேகால் வருடச் செலவுக்கும் மேல்! இதை மனத்தில் வைத்துக்கொண்டு, சிலுவைப்போர் வீரர்கள் 1099இல் எருசலேமைக் கைப்பற்றிய பிறகு அருகிலிருந்த அஸ்கலோன் நகர யூத மூப்பர்கள் எகிப்துக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். பிடிபட்ட மனிதர்களோடு, யூத வேதமான தோராவின் 8 சுருள்களையும் விலைகொடுத்து மீட்டதாக எழுதுகிறார்கள். மீட்க வேண்டியவர்கள் இன்னும் இருந்தார்கள், கையில் பணம் இல்லை.

ஒரே ஒரு கடிதம்தான் படிக்க நேரம் என்றால், தாவீது பென் மைமோன் தன் அண்ணனுக்கு எழுதியதை எடுங்கள். அந்த அண்ணன்தான் புகழ்பெற்ற யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ். செங்கடல் துறைமுகமான அய்தாபிலிருந்து தாவீது எழுதுகிறார். வணிகக் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ஒரே ஒரு துணையோடு பாலைவனத்தைக் கடந்திருக்கிறார். வந்த இடத்தில் வாங்க அவுரியைத் தவிர வேறு சரக்கு இல்லை. ஆகவே இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறேன், கவலைப்படாதீர்கள், பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான் என்கிறார். அவர் கடலில் மூழ்கினார். குடும்பப் பணமும் போயிற்று. மைமோனிடிஸ் ஓராண்டு காலம் படுக்கையில் கிடந்தார் என்பதை, பல ஆண்டுகள் கழித்து அவரே இன்னொரு கடிதத்தில் சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். நடுவில் வேறெதையும் படிக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பில் அடைப்புக்குள் இருக்கும் சொற்கள் ஆய்வாளரின் ஊகம். தாள் கிழிந்த இடம் அது. அந்தச் சொல்லை ஆதாரமாக வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு வேறு வழி வேண்டும். அங்கே இப்படியோர் அறை நமக்குக் கிடைக்கவில்லை. 1242இல் பாரிஸில் தல்மூத் என்ற யூதச் சட்ட நூலின் ஏடுகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. ரோத்தன்பர்க்கின் மெயிர் போன்ற ரபிகள் (யூத மத குருமார்) தங்களிடம் வந்த வழக்குகளுக்கு எழுதிய பதில்களைத்தான் நம்ப வேண்டும். அவற்றில் ரூபன், சிமியோன் என்று வருவோரை ஆவணங்களில் தேடாதீர்கள். உண்மைப் பெயர்களுக்குப் பதிலாக இட்டவை அவை. வழக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: யார் யாருக்குக் கடன், பங்கு பிரிந்தது எப்படி, வரியை யார் கட்டினார்.